சோதித்துப் பார்க்கத் தகுந்த வரி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் முடிக்கும் மாணவர்களின் ரெஸ்யூம்களில் நூறை எடுத்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்துவிட்டால், எது யாருடையது என்று அவற்றை எழுதியவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. மேலே, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன் என்று ஒரு குறிக்கோள். நடுவில் கடின உழைப்பு, விரைவில் கற்கும் ஆர்வம், குழுவாக இயங்கும் பண்பு என்று பலங்களின் வரிசை. அப்புறம் பாட்டு கேட்பதும் கிரிக்கெட்டும். தந்தை பெயர், மதம், திருமண நிலை. கடைசியில், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. பிரவுசிங் சென்டரில் யாரோ எப்போதோ செய்துவைத்த கோப்பில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுப்பதால் இப்படி ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாணவர்களின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. அந்தத் தாளை எதற்காக எழுதுகிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அதுதான் குறை. நான் இன்று நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று: முன்பின் தெரியாத ஒருவர் சோதித்துப் பார்க்கக்கூடிய வரிக்கு மட்டுமே ரெஸ்யூமில் விலை உண்டு. மற்ற வரிகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் அவை இடத்தை அடைப்பவை.

இதை ஓசூரை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூர் அடைந்த மாற்றம் தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களுக்கு வாய்க்கவில்லை. 1980-ல் அசோக் லேலண்டின் ஆலை இங்கே வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், தன் கடிகார ஆலையை இங்கே அமைத்தது. இன்று ஏதர் மின்ஸ்கூட்டர் ஆலை ஓசூரில் இருக்கிறது, ஓலாவின் ஆலை போச்சம்பள்ளி அருகே இருக்கிறது, டாடா எலக்ட்ரானிக்ஸின் கைப்பேசி உதிரிபாக ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள். மாநில எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி, எலக்ட்ரானிக் சிட்டி. தளியிலோ சூளகிரியிலோ இருந்து ஒரு மாணவர் காலையில் பேருந்து ஏறினால் இரண்டு மாநிலங்களின் வேலைச் சந்தையையும் ஒரே நாளில் எட்டிவிட முடியும். அந்த அளவு வேலை இருக்கும் இடத்தில் போட்டியும் அந்த அளவு இருக்கிறது. தருமபுரி, சேலம், திருப்பத்தூர் மாணவர்கள் இங்கே வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். ஆளைத் தெரிந்தவர் வேலை கொடுப்பதோடு, ஆளைத் தெரியாத ஒருவர் தாளைப் பார்த்துக் கூப்பிடுவதும் நடக்கும் காலம் இது. தாளில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-ல் வேலைச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அது பெரிய காரணம். அவருடைய வாதத்தின் சாரம் எளிது. வேலை கொடுப்பவருக்கு உங்கள் திறமை நேரடியாகத் தெரியாது. நீங்கள் காட்டும் அடையாளங்களிலிருந்து ஊகிக்க வேண்டும். திறமை இல்லாதவரும் செலவின்றிக் காட்டிவிடக்கூடிய அடையாளம் எதையும் உணர்த்தாது. போலியாகக் காட்டுவதற்கு மெனக்கெட வேண்டிய அடையாளம்தான் செய்தி சொல்லும். இந்த அளவுகோலை நம் ரெஸ்யூமில் வைத்துப் பாருங்கள். கடின உழைப்பாளி என்று எழுத உழைப்பாளிக்கும் சோம்பேறிக்கும் ஒரே செலவுதான், அதாவது ஒன்றுமில்லை. ஆகவே படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போவது அலட்சியத்தால் அல்ல. அதில் படிக்க எதுவும் இல்லை. சென்டர் லேத்தில் எம்.எஸ். ராடில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், த்ரெட் கட்டிங் செய்திருக்கிறேன், 0.01 மில்லிமீட்டர் வரை மைக்ரோமீட்டரில் அளப்பேன் என்று எழுதினால் கதை வேறு. நேர்காணல் அறையிலேயே ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லிவிடலாம். பொய்யென்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துவிடும் என்பதுதான் அந்த வரிக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

இது வெறும் கோட்பாடாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் வேலை தேடும் இளைஞர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2021-ல் வெளியானது. ஒரு குழுவினருக்கு, தன்விவரக் குறிப்பை எப்படி எழுதுவது, நேர்காணலை எப்படி எதிர்கொள்வது என்று கற்றுக்கொடுத்து, அவர்களின் திறன்களைச் சோதித்துச் சான்றிதழும் வழங்கினார்கள். இன்னொரு குழுவினருக்கு, வேலை தேடி நகருக்குள் வந்துபோகப் பேருந்துச் செலவைக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பேருந்துச் செலவின் பலன் கரைந்துபோயிருந்தது. சான்றோடு போனவர்களின் வருமானமோ ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு ஆய்வு. முன்பு வேலை செய்த இடத்திலிருந்து வாங்கிய பரிந்துரைக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தபோது, அழைப்புகள் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகரித்தன என்று 2020-ல் வெளியிட்டார்கள். அடிஸ் அபாபாவும் ஜோகனஸ்பர்கும் ஓசூர் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டிலும் வேலை செய்த தத்துவம் ஒன்றே. அந்த இளைஞர்களிடம் ஏற்கெனவே இருந்த திறமை, சோதனைக்கு உட்பட்ட வடிவில் தாளுக்கு வந்தது. திறமை கூடியதைவிட, அது வெளியே தெரிந்ததுதான் அங்கே நடந்த பெரிய மாற்றம்.

இங்கே மாணவர்கள் உடனே ஒரு மறுப்பை வைப்பார்கள். நாங்கள் ஃப்ரெஷர்கள், எழுதுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்பார்கள். இந்த மறுப்புக்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தொழில்நுட்பக் கல்வி முறையிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படித்த ஒவ்வொருவரிடமும் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. ஃபிட்டிங் பட்டறையில் வி-ஜாயின்ட், ஸ்கொயர் ஜாயின்ட். வெல்டிங்கில் லேப் ஜாயின்ட், பட் ஜாயின்ட். மின்சாரப் பிரிவில் மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்பு, வயரிங் பலகை. பயிற்சிக்குப் பயிற்சி தேதி இருக்கிறது, படம் இருக்கிறது, பயன்படுத்திய கருவிகளின் பட்டியல் இருக்கிறது, செய்முறை இருக்கிறது, ஆசிரியரின் கையெழுத்தும் இருக்கிறது. இதைவிடச் சிறந்த சான்றுத் தொகுப்பை ஒரு பதினெட்டு வயதுக்காரரால் வேறெங்கே பெற முடியும்? செய்முறைத் தேர்வு முடிந்த அன்றே அது பரணுக்குப் போகிறது அல்லது பழைய பேப்பர்காரரிடம் போகிறது. எழுத எதுவும் இல்லை என்று சொல்லும் மாணவர் முதலில் அந்த நோட்டைக் கீழே இறக்கட்டும். அதில் உள்ள பயிற்சிகளில் இன்று மறுபடி செய்யச் சொன்னால் எவற்றைத் தயங்காமல் செய்வோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஆம் என்று பதில் வந்தவை ரெஸ்யூமுக்குப் போகட்டும். இல்லை என்று வந்தவற்றைக் கல்லூரியை விட்டு வெளியேறும் முன் மறுபடி ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

இறுதியாண்டுப் ப்ராஜெக்டும் இதில் சேரும். ஆனால் அதைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டும். ப்ராஜெக்டைச் செய்துகொடுக்கும் கடைகள் பெங்களூரிலும் இருக்கின்றன, நம் ஊர்களிலும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டின் தலைப்பைப் பளபளப்பாக எழுதியவரிடம், இதில் இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரி, மீதி எல்லா வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. இதற்கு மாறாக, ஒரு சாதாரண ட்ரில் ஜிக்கை நால்வர் சேர்ந்து செய்ததாக வைத்துக்கொள்வோம். நால்வர் குழு, என் பங்கு வரைபடமும் அளவுச் சோதனையும், ஜிக்கில் துளையிட்ட துண்டுகளை வெர்னியரில் அளந்து பதிவு செய்தேன், முதல் வடிவத்தில் துளை விலகியதால் புஷ்ஷை மாற்றினோம் என்று எழுதலாம். இந்த நாலு செய்திகளும் எளிமையானவை. படிப்பவருக்கோ இதில் நான்கு கேள்விகள் கிடைக்கின்றன, நான்குக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. முதல் முயற்சியில் தவறியதைச் சேர்த்தது பலவீனமாகத் தெரியுமா என்று சிலர் அஞ்சலாம். பட்டறையில் நின்ற யாருக்கும் முதல் துண்டே சரியாக வராது என்று தெரியும். எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதில்தான் வேலை செய்தவரின் கை தெரிகிறது.

கல்லூரிக்கு வெளியே செய்த வேலைகளை மறைக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கியதும் மாங்கூழ் ஆலைகளில் மாணவர்கள் விடுமுறை வேலைக்குப் போகிறார்கள். ஓசூர், கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வெட்டித் தரம் பிரிக்கிறார்கள். சொந்த நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறார்கள், மோட்டார் பழுதானால் பிரித்துப் பார்க்கிறார்கள். இவற்றைக் கூலி வேலை என்று நினைத்து ரெஸ்யூமில் விட்டுவிடுகிறார்கள். மாங்கூழ் ஆலையில் ஒரு பருவம் ஷிப்டு முறையில் நின்றவருக்கு சுகாதார விதிகள் தெரியும், ஒரு தொகுதியின் எண்ணை எழுதிவைப்பது ஏன் என்று தெரியும், இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும். பாட்டு கேட்பது பொழுதுபோக்கு என்ற வரி இருக்கும் இடத்தில் இந்த வரி இருந்திருந்தால் அழைப்பு வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. இந்த மண்ணில் தொழில் வந்த வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. டைட்டன் தொடங்கிய காலத்தில் கடிகாரம் செய்த அனுபவம் உள்ளவர்களை மட்டும் தேடிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. நுண்மையான வேலைக்கு ஏற்ற கையும் கவனமும் எந்த ஊரிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது.

மொழி விஷயத்திலும் அப்படித்தான். மொழிகள் என்ற தலைப்பின் கீழ் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டே சொல் எழுதுகிறார்கள். அதே மாணவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார், பள்ளியில் தமிழ் படித்தார், சந்தையில் கன்னடம் பேசுகிறார், வடமாநிலத் தொழிலாளர்களோடு பழகி இந்தியும் ஓரளவு பிடித்திருக்கிறார். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் இது வெகு சாதாரணம் என்பதால் நமக்கு இது திறமையாகவே தெரிவதில்லை. ஜிகனியில் உள்ள ஒரு பட்டறையின் சூப்பர்வைசர் இடத்தில் நின்று பாருங்கள். அவருடைய லைனில் நான்கு மாநிலத்து ஆட்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை அவர்கள் எல்லோருக்கும் புரியும்படி சொல்லக்கூடியவர் அவருக்கு எவ்வளவு தேவைப்படுவார்! எழுதப் படிக்கத் தெரிந்த மொழி எது, பேச மட்டும் தெரிந்த மொழி எது என்று பிரித்து நேர்மையாக எழுதினால் போதும். இதுவும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடக்கூடிய வரிதான்.

ஆங்கிலம் வராதே என்ற கவலை தமிழ்வழியில் படித்தவர்களைப் பெரிதும் வாட்டுகிறது. இங்கே ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆங்கிலம்? இரவல் வாங்கிய நீண்ட வாக்கியங்கள்தான் தப்பும் தவறுமாக வருகின்றன. இயந்திரத்தின் பெயர், கருவியின் பெயர், செய்த செயலைக் குறிக்கும் ஒரு வினைச்சொல், ஓர் அளவு: இவ்வளவு போதும் என்றால், தேவைப்படும் ஆங்கிலம் நீங்கள் ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே எழுதிய ஆங்கிலம்தான். எழுத்துப்பிழையில் மட்டும் கறாராக இருங்கள். தான் ஓட்டிய இயந்திரத்தின் பெயரையே பிழையாக எழுதியவரைப் படிப்பவர் நம்பத் தயங்குவார். கணினியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, எல்லோருக்கும் தருகிறது. நல்ல நடை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்போது, ஸ்பென்ஸ் சொன்னபடி, நடை எதையும் உணர்த்தாமல் போகிறது. பிழை திருத்த அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் செய்த வேலையை அது உங்களுக்காகச் செய்திருக்க முடியாது. பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது மென்பொருள் முதலில் சலிக்கும். ஆகவே படம், இரட்டை நெடுவரிசை, வண்ணக் கட்டம் எல்லாவற்றையும் தவிர்த்து, விளம்பரத்தில் உள்ள ட்ரேடு பெயரை அதே சொல்லால் குறிப்பிடுவது நல்லது. அதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி, தாளில் இருக்கக் கூடாதவை. தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள் என்கிறேன். மரியாதைக் குறைவு என்று சில பெற்றோர் நினைப்பார்கள்; ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் ஆய்வைக் காட்டுகிறேன். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற ஆய்வாளர்கள் நம் நாட்டில் செய்த அந்த ஆய்வு 2007-ல் வெளியானது. தனியார் நிறுவனங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று இருந்தது. மனம் கனக்கச் செய்யும் கணக்கு. பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டாமல் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் தமிழ்நாட்டு வழக்கம் இந்த இடத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை வேறு கட்டங்களை நிரப்பி நாமே அழிக்க வேண்டாம். பாகுபாடு இருக்கும்போது ரெஸ்யூமைச் செதுக்கி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, டெல்லியில் நடந்து 2009-ல் வெளியான இன்னோர் ஆய்வைக் காட்டுவேன். மென்பொருள் வேலைகளில் சாதி சார்ந்த வேறுபாடு அதில் தென்படவில்லை. கால்சென்டர் வேலைகளில் தென்பட்டது. நான் இதை இப்படி வாசிக்கிறேன்: என்ன தெரியும் என்று சோதித்துவிட முடிகிற வேலையில், முன்முடிவுக்கு இடம் குறைகிறது, தோற்றம், பேச்சு, பழகும் விதம் என்று மங்கலாக மதிப்பிடும் வேலையில் முன்முடிவு புகுந்துகொள்கிறது. பாகுபாட்டை ரெஸ்யூம் ஒழிக்காது. அதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். ஆனால் பாகுபாடு நுழையும் இடைவெளியைச் சுருக்க ஒரு மாணவரின் கையில் உள்ள கருவி, சோதிக்கத் தகுந்த வரிதான்.

தாளில் இருக்கக் கூடாதவற்றில் ஆதார் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ரெஸ்யூம்கள் எத்தனை கைகளுக்குப் போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அதில் ஆதார் எண், பிறந்த தேதி, முழு வீட்டு முகவரி, கையெழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் மோசடிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஊர் பெயர் போதும். பெண் பிள்ளைகள் வேலை தேடலுக்கென்றே தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் மட்டும் மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட ஒன்றுபோல இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியைப் பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்து, கடவுச்சொல் அவரிடமே தங்கிவிடும் நிலை இன்றும் இருக்கிறது. நேர்காணல் அழைப்பு அந்தப் பெட்டியிலேயே கிடந்து காலாவதியாகிறது. வேலைக்கு முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமையும் கொடுக்க வேண்டாம், பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஓசூரில் வேலை என்பது ஆள் மூலம் கிடைப்பது, கான்ட்ராக்டரிடம் ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் கொடுத்தால் மறுநாள் ஷிப்டுக்குப் போகலாம், ரெஸ்யூமை யார் படிக்கிறார்கள் என்பது அது. இதில் பெரும்பகுதி உண்மை. அமெரிக்காவின் நியூட்டன் நகரில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆய்வு செய்து 1974-ல் வெளியிட்ட புத்தகமும் இதைத்தான் சொன்னது: அவர் விசாரித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமே வேலைக்குப் போயிருந்தார்கள். நெருங்கிய உறவைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களே அதிகம் உதவின என்பதும் அவர் கண்டது. யோசித்துப் பாருங்கள். எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர் உங்களைப் பற்றித் தன் மேலாளரிடம் என்ன சொல்வார்? பையன் நல்ல பையன் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. அவர் கையில் கொடுத்தனுப்பும் தாள்தான் அவருக்குப் பதிலாகப் பேசுகிறது. சிபாரிசு இருந்தால் ரெஸ்யூம் வேண்டாம் என்பது தலைகீழான கணக்கு. சிபாரிசு செய்பவருக்குச் சொல்ல ஏதாவது வேண்டும்.

கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறேன். முதல் கதவு தாளைப் பார்க்காமல் திறந்துவிடலாம்; இரண்டாவது கதவு அப்படித் திறக்காது. கான்ட்ராக்டிலிருந்து கம்பெனி ரோலுக்கு மாற, ஒரு பட்டறையிலிருந்து பெரிய ஆலைக்குப் போக, எல்லை தாண்டிக் கூடுதல் சம்பளத்துக்கு நகர, இரண்டு ஆண்டுகள் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். புரடக்‌ஷன்ல இருந்தேன் என்ற பதில் அந்த இரண்டு ஆண்டுகளையும் அழித்துவிடுகிறது. எந்த இயந்திரம், அதில் எந்த கன்ட்ரோல், ஒரு ஷிப்டில் எத்தனை துண்டு, எந்தக் கருவியால் அளந்தீர்கள், ரிஜெக்‌ஷன் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அதுதான் இரண்டாவது ரெஸ்யூம். நிறுவனத்தின் ரகசிய வரைபடங்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ குறிக்கக் கூடாது; உங்கள் கை செய்ததை மட்டும் குறியுங்கள். இந்த வட்டாரத்தில் இது இன்னும் அவசரம். எஞ்சின் பாகங்களைக் கடைந்த கைகளுக்கு முன்னால் இப்போது மின்வாகனங்கள் வந்து நிற்கின்றன. பிஸ்டன் செய்தேன் என்று பொருளின் பெயரை மட்டும் எழுதியவரின் அனுபவம் பொருளோடு சேர்ந்து பழையதாகிவிடும். டார்க் ரெஞ்சில் இறுக்கம் பார்த்தேன், மல்டிமீட்டரில் தொடர்ச்சி சோதித்தேன், நுண் அளவில் கடைந்தேன் என்று செயலின் பெயரை எழுதியவர் பேட்டரி அசெம்பிளி லைனிலும் தன் இடத்தைக் காட்ட முடியும்.

படித்து முடித்தவர்கள் நேரே கான்ட்ராக்டுக்குப் போகாமல் அப்ரென்டிஸ் பயிற்சியை யோசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான். 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் உரிய பயிற்சியைத் தென்மாநிலங்களுக்குக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம். உதவித்தொகை குறைவு, முடிவில் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்ற குறை நியாயமானது. குடும்பச் சுமை உள்ளவர் உடனடிச் சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இயன்றவருக்கு மட்டும் சொல்கிறேன்: என்ன பயிற்சி பெற்றார் என்று மூன்றாம் தரப்பு ஒன்று சான்றளிக்கும் ஓர் ஆண்டு, அடிஸ் அபாபாவில் அந்த இளைஞர்களுக்குக் கிடைத்த சான்றைவிடக் கனமானது.

இன்னும் ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்கள், நான் மட்டும் உண்மையாக எழுதினால் பின்தங்கிவிட மாட்டேனா? கூட்டி எழுதுவது எங்கே பலிக்கிறது என்று பார்க்க வேண்டும். சோதிக்க முடியாத வரியில் பலிக்கிறது, ஆனால் அந்த வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சோதிக்க முடிகிற வரியில் கூட்டி எழுதியவர் நேர்காணல் அறையிலேயே பிடிபடுகிறார். அனுபவச் சான்றையே போலியாக வாங்கியவர் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கி, கிடைத்த வேலையையும் இழக்கிறார். அரியர் இருந்தால் இருக்கிறது என்றும், எந்தப் பருவத்தில் எழுதி முடிக்கப்போகிறேன் என்றும் சொல்லிவிடுவதே நல்லது. அறுபது விழுக்காடு கேட்கும் இடத்தில் ஐம்பத்தெட்டு உள்ளவரை அந்தப் பெரிய நிறுவனம் எடுக்காமல் போகலாம். சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள் விழுக்காட்டைவிடக் கையைப் பார்க்கின்றன.

கடைசியாக, இந்தச் சுமையை முழுக்க மாணவர் தலையில் வைத்துவிட்டு நான் இறங்கிவிட முடியாது. அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சிகளைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பயிற்சிகளில் என்ன செய்தார்கள் என்பது சான்றிதழின் தலைப்போடு நின்றுவிடாமல், செய்த வேலையின் விவரமாகப் பதிவாக வேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி முதல் ஓசூரின் ஐ.டி.ஐ. வரை எல்லா நிறுவனங்களின் ஆசிரியர்களிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. செய்முறைத் தேர்வு முடிந்ததும், ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தரும் முன், அதன் கடைசிப் பக்கத்தில் இந்த மாணவர் யாருடைய உதவியும் இன்றிச் செய்யக்கூடிய ஐந்து வேலைகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஐந்து இல்லையென்றால் மூன்று எழுதுங்கள், இருப்பதை மட்டும் எழுதுங்கள். நிறுவனங்களின் எச்.ஆர். அதிகாரிகளிடம் கேட்பது இதுதான்: விளம்பரத்தில் சுறுசுறுப்பான இளைஞர்கள் தேவை என்று போடுவதை விட்டுவிட்டு, நேர்காணலில் எந்தக் கருவியை, எந்த வரைபடத்தைக் கொடுத்துச் சோதிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். இந்தக் கல்வியாண்டின் செய்முறைத் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ரெக்கார்டு நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை இந்த ஆண்டே தொடங்கலாம்.